எழுபது சதவீதம், எதில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ கேம்களுக்குள் பயனர்களே உருவாக்கி விற்கும் பொருட்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், ரோப்லாக்ஸ் என்ற கேம் தளத்தில் விற்பனையில் 70 சதவீதம் உருவாக்கியவருக்கே போகிறது என்று இருந்தது. அந்தத் தளத்தின் உள் நாணயமான ரோபக்ஸில் எண்ணினால் மட்டுமே அது சரி.

மொபைலில் 4.99 டாலருக்கு 400 ரோபக்ஸ் கிடைக்கும். ஒரு ரோபக்ஸ் ஏறக்குறைய ஒன்றேகால் சென்ட். 100 ரோபக்ஸ் விலையுள்ள கேம் பாஸ் (ஒரு கேமுக்குள் கூடுதல் வசதி தரும் பொருள்) விற்றால் உருவாக்கியவர் கணக்கில் 70 ஏறும். அதைப் பணமாக மாற்றப் போனால் ஒரு ரோபக்ஸுக்கு 0.0038 டாலர்தான், 2025 செப்டம்பர் வரை 0.0035. ஆக, வாங்கியவர் செலவழித்த 1.25 டாலரில் இவர் கைக்கு வருவது 27 சென்ட்டுக்கும் குறைவு, சுமார் 21 சதவீதம். அதையும் 30,000 ரோபக்ஸ் சேர்ந்த பிறகே எடுக்கலாம். மீதியில் ஆப் ஸ்டோர் கமிஷன், சர்வர் செலவு எல்லாம் உண்டு என்பது உண்மைதான். அப்படியானால் 21 என்றே எழுதலாமே.

ஸ்கைரிம் என்ற கேமின் விவகாரத்தைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. 2015 ஏப்ரல் 23 அன்று ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் அதன் மோட்களை (விளையாடுபவர்களே கேமில் செய்யும் மாற்றங்கள், சேர்க்கைகள்) விலைக்கு விற்க, கடையை நடத்தும் வால்வும் கேமை வெளியிட்ட பெதஸ்டாவும் வழிவிட்டன. வால்வுக்கு 30, பெதஸ்டாவுக்கு 45, மோட் செய்தவருக்கு 25 சதவீதம். அவர் பங்கு 100 டாலரைத் தொட்டால்தான் பணம் வெளியே வரும். அதாவது 400 டாலருக்கு விற்றாக வேண்டும். நான்கே நாளில் திட்டத்தைக் கைவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த 25 சதவீதத்தைத்தான் எல்லோரும் திட்டினார்கள். என் கணிப்பில் அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. ஸ்கைரிம் மோட்கள் ஒன்றின் மேல் ஒன்று நிற்பவை. முதல் நாள் விற்பனைக்கு வந்த மீன்பிடி மோட் ஒன்று, வேறொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த அனிமேஷன் மோடைச் சார்ந்திருந்தது. அனுமதிப் பிரச்சினை எழுந்ததும் அதை விற்பனையிலிருந்து விலக்கினார்கள். பணத்தைத் திரும்பக் கேட்க 24 மணி நேரமே அவகாசம். இரண்டு மோட்கள் மோதி, ஆட்டம் எதுவரை வந்தது என்பதைச் சேமிக்கும் சேவ் கோப்பு கெடுவது பல நேரங்களில் அதற்கு வெகு பிறகுதான் தெரியவரும்.

ஆகவே விற்பனைக்கு ஏற்றும் முன், யாருடைய கோப்புகளைச் சேர்த்திருக்கிறோம், எதைச் சார்ந்திருக்கிறோம் என்று பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி, விற்கலாம் என்ற அனுமதி ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவை