விழுப்புரம் சந்திப்பின் பாயிண்ட் பேனலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு மாடி அறையில் நான் கட்டிவரும் மாடல் ரயிலில், விழுப்புரம் சந்திப்பின் கண்ட்ரோல் பேனல் போன வாரம் முழுதாக இயங்கத் தொடங்கிவிட்டது. வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் 14 பாயிண்ட்களும் பொத்தானுக்குக் கட்டுப்படுகின்றன. இதில் உங்கள் உழைப்பும் அறிவும்தான் அதிகம். ஆளாளுக்குத் தனியாகச் சொன்ன நன்றி போதவில்லை என்று பட்டது. அதனால் எல்லோரும் அறிய எழுதுகிறேன்.

நான் கட்டுவது மீட்டர் கேஜ் காலத்து விழுப்புரம். 1:87 அளவு, 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என ஐந்து திசைக்குப் பாதை பிரியும் ஊர் அது. சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்கம்பி அந்தக் காலத்தில் விழுப்புரத்தோடு முடிந்துவிடும். எனவே மின்சார எஞ்சினோடு வந்த வண்டி அதற்குமேல் தெற்கே போக வேண்டுமானால், அதைக் கழற்றிவிட்டு நீராவி எஞ்சினோ டீசலோ மாட்டியாக வேண்டும். ஒன்று விலகி இன்னொன்று வந்து சேர்வதற்குள் நாலைந்து பாயிண்ட்கள் மாறும். இந்த எஞ்சின் மாற்றம்தான் எனக்கு அந்த ஸ்டேஷனின் உயிர். மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து விரலால் பாயிண்ட்டைத் தள்ளிக்கொண்டிருந்தால் அதை ரசிக்கவே முடியாது.

முதல் நன்றி, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாவுக்கு. இந்தப் பொழுதுபோக்கில் பலர் பேனல் சுவிட்சிலிருந்தே விளக்குக்கும் வயர் எடுத்துவிடுவார்கள். சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்க விளக்கு எரியும். ஐயா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "நீங்க என்ன உத்தரவு போட்டீங்கன்னு உங்களுக்கே தெரியும் தம்பி. பாயிண்ட் என்ன செஞ்சுதுன்னு விளக்கு சொல்லணும்" என்றார்.

நிஜ ரயில்வேயில் பொத்தானை அழுத்தியதும், பாயிண்ட்டின் வழக்கமான நிலையைக் காட்டும் நார்மல் விளக்கோ மாறிய நிலையைக் காட்டும் ரிவர்ஸ் விளக்கோ நிலையாக எரிந்துவிடாது. நகரும் பிளேடு ஓரத் தண்டவாளத்தோடு நன்றாக ஒட்ட வேண்டும், பூட்டு விழ வேண்டும், அந்தச் சேதி பாயிண்ட்டிலிருந்து திரும்பி வர வேண்டும். அதற்குப் பிறகுதான் எரியும். பிளேடுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் கட்டையை வைத்துப் பார்ப்பார்களாம். அப்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது, வண்டி போகச் சிக்னலும் கிடைக்கக் கூடாது. அந்த 5 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் ஒரு காகிதத்தின் தடிமன்கூட வராது என்பதால் நாங்கள் தீக்குச்சியை எடுத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு பாயிண்ட்டின் அடியிலும் இரண்டு மைக்ரோ சுவிட்ச் வைத்திருக்கிறேன். இரண்டையும் தட்டுவது பாயிண்ட்டை நகர்த்தும் மோட்டாரின் கை அல்ல, பிளேடுகளை இணைக்கும் குறுக்குப் பட்டை. அது இந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு சுவிட்ச் அழுந்தும், அந்தக் கோடிக்குப் போனால் மற்றது. நடுவில் நின்றுவிட்டால் இரண்டு விளக்கும் இருட்டாகவே இருக்கும். ஐயா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, 14 பாயிண்ட்டிலும் இரு பக்கமும் தீக்குச்சியைச் செருகி, பொத்தானை அழுத்தச் சொல்லிப் பேனலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் குச்சி உள்ளே இருக்கும்போதே விளக்கு எரிந்தது. அந்த மைக்ரோ சுவிட்சைக் கொஞ்சம் தள்ளிப் பொருத்தும்வரை அவர் அடுத்த பாயிண்ட்டுக்கு நகரவில்லை. இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கானவர்களைப் பத்திரமாக அனுப்பிவைத்த கண் அது. என் பொம்மை ரயிலுக்கும் அதே கண்டிப்பைக் கொடுத்ததற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, ஐயா.

பாதை அமைக்கப் புறப்படும் இடத்துப் பொத்தானையும் சேரும் இடத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். கை தெரியாமல் ஒன்றில் பட்டுவிட்டால் எதுவும் நகராது. பேனலை இயக்கும் அர்டுயினோ என்ற குட்டிக் கணினி போர்டுக்கு அதற்கான புரோகிராமை எழுதித் தந்தவர் என்னோடு வேலை பார்க்கும் தோழி. ரயிலைப் பற்றி எதுவும் தெரியாமல்தான் வந்தார். ஒரு பாதை அமைந்திருக்கும்போது அதைக் குறுக்கே வெட்டும் பாதையை மறுக்க வேண்டும் என்று ஐயா விளக்கியதும், எந்தெந்தப் பாதை எதனோடு மோதும் என்று பெரிய அட்டவணையே போட்டுவிட்டார். அந்தத் தாளை பேனலின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் எனக்கு எலக்ட்ரானிக் சாமான் கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி. பாயிண்ட்டுக்கு ஒன்றாக வைத்திருக்கும் சர்வோ என்ற சின்ன மோட்டார்களை இயக்கும் போர்டு இரண்டு கேட்டேன். "ஒரு போர்டுலயே 16 சர்வோ போகும், உங்களுக்கு ஒண்ணு போதும்" என்று இரண்டாவதைத் திருப்பி வைத்துவிட்டார். சர்வோக்களுக்குத் தனியாக 5 வோல்ட் சப்ளை வைத்து, கிரவுண்டை (நெகடிவ் வயரை) மட்டும் அர்டுயினோவோடு சேர்க்கச் சொன்னதும் அவர்தான். இரண்டுக்கும் ஒரே சப்ளை என்றால், நாலு சர்வோ ஒன்றாகக் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கி அர்டுயினோ தானாகவே ரீசெட் ஆகிவிடும். கல்லாவில் கூட்டத்தை வைத்துக்கொண்டு இதைப் பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார்.

டி.வி. மெக்கானிக் அண்ணனிடம்தான் சால்டரிங் கற்றேன். "ஈயத்தைச் சூடாக்காதீங்க, கம்பியைச் சூடாக்குங்க, ஈயம் தானா ஓடும்" என்றார். அப்புறம் பெயர்ப்பலகைக் கடைத் தம்பி. பேனலின் அக்ரிலிக் பலகையில் டிரில் போட்டால் விரிசல் விடும் என்று, விளக்குகளுக்கான 5 மில்லிமீட்டர் துளைகள் அத்தனையையும் லேசரில் வெட்டிக்கொடுத்தார். பாதை வரைபடத்தைப் பின்பக்கம் ஒட்டியதால் எத்தனை விரல் பட்டாலும் கோடு அழியாது.

வயர் ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டியவள் என் மகள். அவள் கையெழுத்து இல்லாவிட்டால் அந்தக் கட்டுக்குள் எதையும் தேட முடியாது. வத்தல் தாம்பாளங்களை வைத்துக்கொண்டிருந்த அறையை எனக்கு விட்டுக்கொடுத்த அம்மாவுக்கும் நன்றி.

போர்டில் இன்னும் இரண்டு சர்வோவுக்கு இடம் இருக்கிறது. அதைப் புதுச்சேரிப் பாதைக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஞாயிறு மாலையில் வண்டி ஓடும். நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். ஐயா வரும் நாளில் பேனல் அவர் பொறுப்பு. எஞ்சின் ஓட்டுவது மட்டும் நான்.

நன்றியுடன்,
உங்கள் மாடி வீட்டு நண்பன்