வலது பக்க ஜன்னல பிடிச்சுக்க மகளே

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்கு டிக்கெட் போட்டுட்டேன்னு அனுப்பியிருந்த, அம்மா அதுக்குள்ள லயத்து வரிசை வீடு பூரா சொல்லி முடிச்சிட்டா. சீட்டு மட்டும் இன்னும் எடுக்கலன்னியே, அதுக்குத்தான் இத டைப் பண்றேன். போன்ல சொன்னா "சரிப்பா சரிப்பா"ன்னு கட் பண்ணிருவ.

சென்னையிலருந்து கொழும்பு கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு வர்ற பிளேன் கிட்டத்தட்ட நேரா தெக்க வருது, அதனால கரை பூரா உனக்கு வலது கை பக்கம். மூணு மூணு சீட்டா இருக்கிற பிளேன்னா 'எஃப்' எடு, 'ஏ' எடுத்தா ரொம்ப நேரம் வெறும் வங்கக்கடல்தான். நீ வர்றது காலையிலங்கிறதால வெயிலும் இடது பக்கம் போயிரும், உன் கண்ணு கூசாது.

நடுவுல மட்டும் எடுத்துராத. கோத்தகிரியில பெரியப்பா மக கல்யாணத்துக்கு நான் போனப்ப ஏஜென்சிக்காரன் "ஜன்னல்தான் அண்ணே, ராஜா மாதிரி போகலாம்"னான், போய் உக்காந்தா றெக்கைக்கு நேர் மேல. ஒன்னேகால் மணி நேரம் நான் பார்த்ததெல்லாம் தகரமும் ஆணியும்தான். திரும்பி வந்தது ராத்திரி பிளேன், அதுல ஒன்னும் இல்ல. முன்னாடி, இல்ல ஒரேயடியா வால் பக்கம் எடு.

நான் இங்க மேப்ப சாட்டிலைட்டுல போட்டு விரல் வச்சு வந்து பார்த்தேன். பாண்டிச்சேரி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம்னு கரை கூடவே வருது, ஆறு கடல்ல சேர்ற எடமெல்லாம் பால் தேத்தண்ணி கொட்டுன மாதிரி இருக்கு. கோடியக்கரையில கரை படக்குன்னு மேற்க மடங்கிருது. இனி கடல்தானேன்னு நீ போன நோண்ட ஆரம்பிச்சிராத, அங்கருந்துதான் விஷயமே. தண்ணி வெளிர் பச்சையாகும், அங்க ஆழம் கம்மி, அப்புறம் மன்னார் தீவு நீட்டிக்கிட்டு கிடக்கும், அது நுனியில தலைமன்னார், அங்கருந்து தனுஷ்கோடிக்கு 30 கிலோமீட்டர் சொச்சம் மணல் திட்டு திட்டா போகும். மேகம் இல்லாட்டி அந்த மணல் தெரியும்.

64ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து போட்டு நம்ம தோட்டத்து சனத்துல 5,25,000 பேர் அங்க இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்க இலங்கையில, மிச்சத்த பிறகு பார்ப்போம்னு பங்கு வச்சாங்கல்ல, அதுல பெரியப்பா அங்க, நான் இங்க. ஹட்டன் ஸ்டேசன்ல அவர ஏத்திவிட்டப்ப எனக்கு விவரம் தெரியாத வயசு, அந்த ரயிலுக்கு ஒப்பாரி கோச்சின்னே பேரு. அவர் டிரங்கு பொட்டி மேல உக்காந்துக்கிட்டு எனக்கு ஒரு பனிஸ் பன்ன பாதி பிச்சு குடுத்தாரு, நான் அத தின்னுக்கிட்டே கையாட்டுனேன். தலைமன்னார் போய் ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம் போய் எறங்குனாங்க. என் பாட்டன் இந்தப் பக்கம் வந்ததும் அந்தக் கடல்தான். அத நான் இன்னும் ஒரு தடவ பார்த்ததில்ல பாப்பா.

அதுக்கப்புறம் கற்பிட்டி, புத்தளம் களப்பு, உப்பளம் எல்லாம் வரும், அதையும் பாரு. தை மாசம் வாடைக்காத்துங்கிறதால பெரும்பாலும் கடல் பக்கமிருந்து நீர்கொழும்பு களப்ப ஒட்டி எறக்குவான்.

இடது பக்கம் உக்காந்தா சிவனொளிபாதமலை தெரியுமேன்னு அம்மா சொல்றா. அத வாசல்லருந்தே பார்க்கலாம், யாத்திரை சீசன் லைட்டு ராத்திரி பூரா எரியுது. நீ 'எஃப்' சீட்டையே எடு.

மன்னார் வர்றப்ப வீடியோ எடு, பெரியப்பாவுக்கும் ஒன்னு அனுப்பு. ஜூம் பண்ணாத, ஆடும். அப்புறம் ஸ்வெட்டர பெட்டியில போட்டுறாத, கையில வச்சுக்க, இங்க குளிரு பல்ல கிட்டுது.

அப்பா