இதயம் போடுவாங்களா தாத்தா?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் உன் பையன் கேட்டது ராத்திரி முழுக்க மனசிலேயே ஓடிக்கொண்டிருந்தது. "தாத்தா, ஏரோபிளேன் வானத்துல இதயம் போடுமாமே, நிஜமா போடுவாங்களா?" என்றான். "போடுவாங்கடா" என்று சொல்லிவிட்டு போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் நீ கேட்டதற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை விமான சாகசக் காட்சிக்கு அவனைக் கூட்டிட்டுப் போகலாமாப்பா, பயம் ஒண்ணும் இல்லையே?" என்றாய். இத்தனை வருஷம் விமானத்துக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லக் கூடாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அவனுடைய இதயம். இரண்டு விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில் செங்குத்தாக ஏறும். மேலே போய்ப் புகையைத் திறந்துகொண்டு, ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் வளைந்து இறங்கும். கீழே கூர்முனையில் ஒன்றையொன்று கடக்கும். பார்க்கிற நமக்கு இரண்டும் மோதிக்கொள்ளப் போகிற மாதிரியே இருக்கும். ஆனால் ஒன்று நமக்குக் கிட்டே, இன்னொன்று அதற்குப் பின்னால் தள்ளி, தனித்தனிக் கோட்டில் வருகின்றன. நாம் நேர் எதிரே நிற்பதால் நடுவில் இருக்கிற இடைவெளி கண்ணில் படாது. அவன் பயந்தால் இதைச் சொல்.

ஆனால் அந்த இதயத்தை என்னால் சும்மா ரசிக்க முடிவதில்லை அம்மா. 1988 ஆகஸ்ட் 28, ஜெர்மனியில் ராம்ஸ்டைன் விமானத் தளம். இத்தாலிய விமானப்படையின் சாகசக் குழுவான ஃப்ரெச்சே திரிகொலோரி 10 விமானங்களோடு பறந்தது. இரண்டு பிரிவுகள் இதயத்தை வரைய, தனியாக வரும் ஒரு விமானம் அம்பு மாதிரி அதைத் துளைத்துக்கொண்டு ஜனங்கள் இருக்கும் பக்கமாக வர வேண்டும். கடக்கிற இடத்தில் அது மற்ற விமானங்கள்மேல் மோதி, எரிந்துகொண்டே கூட்டத்துக்குள் விழுந்தது. 3 விமானிகளையும் சேர்த்து 70 பேர் போனார்கள். அதற்கும் முன்னால், 1952 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் டி ஹாவிலண்ட் 110 என்ற ஜெட் விமானம் ஒன்று வானத்திலேயே உடைந்து சிதறியது. உள்ளே இருந்த 2 பேரோடு, வேடிக்கை பார்க்க வந்த 29 பேரும் இறந்தார்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போய் நிற்கப் போகிற இடத்தை அளந்து கொடுத்தவர்கள் இறந்துபோன அவர்கள்தான். விமானம் பறக்கும் கோடு ஒன்று, ஜனங்கள் நிற்கும் கோடு ஒன்று, நடுவே யாரும் இல்லாத வெற்று நிலம். கூட்டத்தின் தலைக்கு மேல் சாகசம் கூடாது, கூட்டத்தை நோக்கிப் பாய்ந்து வரக் கூடாது. உடைந்தால் துண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் பார்த்துத்தான் ஒவ்வொரு வளைவும் போடுகிறார்கள். அதனால் ஜனங்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு உள்ளேயே நில். வெளியே ரோட்டோரம் கூட்டம் இல்லாமல் வசதியாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 2015இல் இங்கிலாந்தின் ஷோரமில் ஒரு பழைய ஹண்டர் ஜெட் லூப், அதாவது செங்குத்தாக ஒரு வட்டம், போட்டு இறங்கும்போது உயரம் போதாமல் விழுந்தது. இறந்த 11 பேரும் தளத்துக்கு வெளியே ரோட்டில் இருந்தவர்கள்.

எந்தக் குழு வருகிறது என்று நீ சொல்லவில்லை. சிவப்பு நிற ஹாக் ஜெட் விமானங்கள் வந்தால் இங்கிலாந்தின் ரெட் ஆரோஸ். சிவப்பும் வெள்ளையுமாக 9 ஹாக் வந்தால் நம் விமானப்படையின் சூர்ய கிரண். அமெரிக்கக் கடற்படையின் ப்ளூ ஏஞ்சல்ஸ் நீல நிற சூப்பர் ஹார்னெட் போர் விமானத்தில் வருவார்கள். மயில் வரைந்த துருவ் ஹெலிகாப்டர்கள் வந்தால் அது நம் விமானப்படையின் சாரங், அதைக் கட்டாயம் காட்டு. ஹெலிகாப்டர்கள் அவ்வளவு நெருங்கிப் பறப்பதைப் பார்ப்பதே அரிது. யார் வந்தாலும் ஒரு காரியம் செய். எல்லாரும் முன்னால் போகிற தலைவரைத்தான் பார்ப்பார்கள். நீ பக்கத்தில் பறக்கிறவரைப் பார். அவர் வானத்தையும் பார்ப்பதில்லை, தரையையும் பார்ப்பதில்லை. தலைவருடைய விமானத்தில் ஏதாவது இரண்டு புள்ளிகளை ஒரே நேர்க்கோட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தக் கோடு கலையாமல் கையை நூலளவு அசைத்துக்கொண்டே இருப்பார். தலைகீழாகப் போனாலும் அவருக்கு அந்தப் புள்ளிகள்தான் உலகம். ப்ளூ ஏஞ்சல்ஸ் சில சமயம் 18 அங்குல இடைவெளியில் பறக்கிறார்கள். விமானிகள் கனத்தைத் தாங்கப் போடுகிற ஜி-சூட் என்ற உடை, காற்று ஏறித் தொடையில் ஊன்றிய கையைத் தட்டிவிடும் என்பதற்காக அதைப் போட்டுக்கொள்வதே இல்லை. உடம்பைப் பல மடங்கு கனம் அழுத்தும்போது வயிற்றையும் காலையும் இறுக்கியே தாங்குகிறார்கள்.

தலைவர்மேல் வைக்கிற அந்த நம்பிக்கைக்கு விலையும் உண்டு. 1982 ஜனவரியில் அமெரிக்காவின் தண்டர்பேர்ட்ஸ் குழு பயிற்சியில் 4 விமானங்கள் வரிசையாக லூப் போட்டன. தலைவரின் விமானத்தில் வால் பக்கத்து ஸ்டெபிலைசர் சிக்கிக்கொண்டதாக விசாரணையில் சொன்னார்கள். மற்ற மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டு கூடவே தரைக்கு வந்துவிட்டார்கள். நான்கு பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

உனக்கு நான் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. நீ இரண்டாம் வகுப்பு படித்தாய் அப்போது. ஒன்பது விமானம் பறக்க வேண்டிய ஒரு காட்சி. புறப்பட இருபது நிமிஷம் இருக்கிறது. என் டூல் பாக்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே வெட்டிய பள்ளம் இருக்கும், ஒன்று குறைந்தாலும் பளிச்சென்று தெரியும். ஒரு பள்ளம் காலி. விரல் நீள ஸ்க்ரூடிரைவர். பையைத் துழாவினேன், தரையைப் பார்த்தேன், இல்லை. விமானம் பறக்கத் தயார் என்று கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். என்னைவிட மேலே இருந்த ஒருவர், மைதானம் நிறைய ஜனம் காத்திருக்கும்போது இது என்ன என்று கத்தினார். கை நடுங்கியது, ஆனால் போடவில்லை. எட்டு விமானங்கள் மட்டும் கிளம்பின.

பேனலைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். விமானத்தைத் திருப்ப உதவும் கண்ட்ரோல் ராடுக்குப் பக்கத்தில், ஒரு விளிம்பில் கிடந்தது. நான் வைத்துவிட்டு மறந்தது. தலைகீழாகத் திரும்பினால் அது எங்கே உருண்டு போய்ச் சிக்கியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்த விமானத்தின் பைலட் என்னைத் திட்டவில்லை. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "என் இடத்தை மூடாம அப்படியே விட்டுட்டுப் பறக்கறாங்க பாருங்க" என்றார். வைரம் மாதிரி அணி, பின்னால் ஒரு மூலை மட்டும் காலி. கூட்டம் கைதட்டியது.

பையனுக்கு மறக்காமல் இயர்மஃப் வாங்கிவிடு. போர் விமானம் தனியாக வந்து ஆஃப்டர்பர்னர் போட்டால், அதாவது எக்ஸாஸ்டில் கூடுதல் எரிபொருளை எரித்துப் பாய்ந்தால், நெஞ்சே அதிரும், குழந்தைக் காது தாங்காது. சத்தம் வருகிற இடத்தில் விமானத்தைத் தேடாதீர்கள். ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற விமானத்தின் சத்தம் காதுக்கு வர மூன்று விநாடி ஆகும், அதற்குள் அது எங்கேயோ போயிருக்கும். சத்தத்துக்கு முன்னால் பாருங்கள். புகை என்ன என்று கேட்டால், சூடான எக்ஸாஸ்டில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள், ஆவியாகி வெளியே வந்து வெண்பனியாகிறது, நிறத்துக்குச் சாயம் கலக்கிறார்கள் என்று சொல். சாயம் நிரப்புகிறவர்களின் நகக்கண்ணைப் பார்த்தாலே அன்றைக்கு என்ன நிறம் என்று தெரிந்துவிடும்.

மேகம் தாழ்ந்திருந்தால் இதயம் வராது. அதற்கு உயரம் வேண்டும். அப்படி இருந்தால் தட்டையாகப் பறக்கிற வேறு காட்சியைத்தான் காட்டுவார்கள். அவன் அழுதால் அழட்டும், மேலே பறக்கிற தலைவர் வேண்டாம் என்று முடிவெடுத்தார் என்று மட்டும் சொல்லு.

முடிந்தவுடன் கூட்டத்தோடு கிளம்பிவிடாதே. எத்தனை விமானம் ஏறியது என்று அவனை முதலிலேயே எண்ணி வைத்துக்கொள்ளச் சொல். தரையில் நிற்கும் எங்களுக்கெல்லாம் இறங்குவதை எண்ணுகிற பழக்கம் உண்டு. கடைசி விமானத்தின் சக்கரம் ஓடுதளத்தைத் தொடுகிற வரைக்கும் அவனை எண்ண வை. எண்ணி முடித்ததும் எனக்குப் போன் போட்டு அந்த நம்பரைச் சொல்லச் சொல்.

அன்புடன்,
அப்பா