அந்தத் தழும்பு இன்னும் விழவில்லை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கதையின் பதினோரு அத்தியாயங்களையும் படித்து முடித்தாயிற்று. ‘எந்த இடத்தில் அழுதீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் அப்பா’ என்று கேட்டிருந்தாய். நீ அழவைக்க நினைத்த இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்ந்த ஓர் இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைக்கவேண்டியதாயிற்று. போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அழாத இடம். ஏழாம் அத்தியாயம். கதாநாயகியின் தம்பி கோட்டை வாசலில் அம்பு பட்டு விழுகிறான். மூன்று பக்கத்துக்கு மழை கொட்டுகிறது. அக்கா அலறுகிறாள், இடி இடிக்கிறது, குதிரைகூடக் கண்ணீர் விடுகிறது. (குதிரையை மட்டும் விட்டுவிடம்மா.) எழுத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவன் சாவான் என்று எனக்கு முன்பே தெரியும். மூலக்கதையின் மூன்றாம் புத்தகத்திலேயே செத்துவிட்டான். வேறொருவர் எழுதிய கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதுவதுதானே ஃபேன் ஃபிக்; மூலத்தைப் படிக்காமல் உன் கதைப் பக்கம் யாரும் வரப்போவதில்லை. அவனுக்காக ஒரு தடவை அழுது தீர்த்து, மனசு ஆறாமல், ‘இவனை யாராவது காப்பாற்றி எழுதியிருக்கிறார்களா’ என்று தேடிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் மறுபடியும் பிணத்தைக் காட்டினால் மரியாதைக்காகப் பார்த்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

சொந்தமாக நாவல் எழுதுகிறவனுக்கு இல்லாத வசதி ஒன்று உனக்கு இருக்கிறது. எதிர்காலத்திலிருந்து திரும்பி வருகிறவளுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், சுற்றியிருக்கிறவர்களுக்குத் தெரியாது. காலப் பயணக் கதையின் அடிப்படையே அதுதான். ஃபேன் ஃபிக் படிக்கிறவனும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனும் முடிவைப் பார்த்துவிட்டு வந்தவன். ஆக, உன் கதாநாயகியும் வாசகனும் ஒரு பக்கம். அந்தத் தம்பிப் பையன் மட்டும் எதிர்ப்பக்கம், ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறான். இங்கே மழைக்கு என்ன வேலை? ‘அடுத்த வருஷம் எனக்கே எனக்கு ஒரு வாள் தருவாங்களாம்’ என்று அவன் சொன்னால் போதும்.

நான் சொல்கிற இடம் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அக்கா காலக்கிணற்றில் இறங்கி, தம்பிக்கு ஒன்பது வயதாக இருக்கும் காலத்துக்கு வந்துவிட்டாள். ஊர் ஊராகப் போகும் மருத்துவச்சி என்று வேஷம். வரிசையில் நின்ற அந்தப் பையன் கையை நீட்டுகிறான், உள்ளங்கையில் முள். எடுத்துவிடுகிறாள். அப்புறம் கையை விடாமல் திருப்பி மணிக்கட்டைப் பார்க்கிறாள். ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். ‘என்ன பார்க்கிறீங்க, முள்ளு இந்தப் பக்கம்தானே’ என்று பையன் கேட்கிறான். அடுத்த பத்தியில் நீ சந்தைக்குப் போய்விட்டாய்.

அந்த மணிக்கட்டில் தழும்பு இருக்கவேண்டும். பதினாலு வயதில் அக்காமேல் விழ இருந்த வெட்டைக் கையால் தடுத்ததில் வந்தது. ஏழாம் அத்தியாயத்தில் சேறு பூசிக் கிடந்த உடலை அவள் அடையாளம் கண்டதும் அந்தத் தழும்பை வைத்துத்தான். அது இன்னும் விழவில்லை. இனி விழவும் வேண்டாம் என்றுதான் அவள் வந்திருக்கிறாள். ஆனால் அது விழாமல் போனால், அவளுக்காகக் குறுக்கே பாய்ந்தானே அந்தப் பையன், அவனும் இல்லாமல் போவான். இது எதையும் நீ எழுதவில்லை. இனிமேலும் எழுதிவிடாதே. திருத்துகிறேன் பேர்வழி என்று அங்கே ஒரு ‘அவள் நெஞ்சு கனத்தது’ போட்டாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பாகவதத்தில் ககுத்மி என்று ஒரு ராஜா வருவார், சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை யார் என்று கேட்க அவளையும் கூட்டிக்கொண்டு பிரம்ம லோகம் போகிறார். அங்கே கந்தர்வர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கச்சேரி முடியட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறார்கள். பிறகு மாப்பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னால் பிரம்மா சிரிக்கிறார். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் ஓடிவிட்டன. ஒரு சதுர்யுகம் 43,20,000 வருஷம் என்று கணக்கு. பெருக்கினால் 11 கோடியே 66 லட்சத்துச் சொச்சம். நீ நினைத்த பையன்கள் மட்டுமல்ல, அவர்களுடைய பேரன் பேத்திகளும் வம்சப் பெயர்களும்கூட இப்போது இல்லை என்கிறார். அப்பாவும் மகளும் திரும்பி வருகிறார்கள், ரேவதியைப் பலராமருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு அப்பா பதரிக்குத் தவம் செய்யப் போகிறார். கதை முடிந்தது.

இத்தனை பெரிய இழப்பைப் புராணம் சில சுலோகங்களில் தாண்டிவிடுகிறது. ரேவதிக்கு அதில் ஒரு வசனம்கூடக் கிடையாது. புறப்படும்போது யாரிடம் ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனாள்? விஷ்ணு புராணத்தில் இன்னும் ஒரு விவரம் வருகிறது. பழைய யுகத்துப் பெண் என்பதால் அவள் மிக உயரமாக இருக்கிறாள். பலராமர் கலப்பை நுனியால் அவளைக் குட்டையாக்கி அந்தக் காலத்துப் பெண்களைப் போல ஆக்கிவிடுகிறார். வேறு காலத்தில் வந்து விழுந்தவளின் துக்கம் முழுவதும் அந்தக் கலப்பை நுனியில் இருக்கிறதென்று எனக்குத் தோன்றும். புராணம் விட்டுவிட்ட அந்த இடத்தில் புகுந்து எழுதுவதுதானே உங்கள் ஃபேன் ஃபிக் வேலை? எப்போதாவது ரேவதியை எழுதேன்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். உன் காலக்கிணறு எந்த விதிப்படி நடக்கிறது என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் ‘நடந்ததை மாற்றவே முடியாது’ என்கிறார் கிழவர். பத்தாம் அத்தியாயத்தில் எரிந்துபோன கிராமம் எரியாமல் இருக்கிறது. விதி எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் வலி வேறு இடத்தில் இருக்கிறது. விதியைக் குழப்பினால் வலியும் சிதறிவிடும்.

மாற்றவே முடியாது என்று வைத்துக்கொள். 1949-ல் கர்ட் கோடல் என்கிற கணித மேதை, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு உட்பட்டே, தன் கடந்த காலத்துக்கே திரும்பி வரும் பாதைகள் கொண்ட ஒரு பிரபஞ்சம் சாத்தியம் என்று காட்டினார். அப்படிப் போனவன் தன் தாத்தாவைக் கொன்றால் என்ன ஆகும் என்ற பழைய புதிருக்கு ரஷ்ய இயற்பியலாளர் நோவிகோவ் ஒரு பதில் சொன்னார்: முன்னுக்குப்பின் முரணில்லாத நிகழ்ச்சிகள் மட்டுமே நடக்கும். அப்படியானால் உன் கதையில் அந்த அம்பு தம்பிமேல் பட்டதே அக்கா வந்ததால்தான் என்று ஆகவேண்டும். கோட்டை வாசலில் அவன் எதற்காகத் திரும்பிப் பார்த்தான் என்று மூலக்கதையில் சொல்லவே இல்லை, கவனித்தாயா? யாரோ அவன் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் தெரிந்தது ஒரே ஒருத்திக்குத்தான். இதை எடுத்துக்கொள்கிறாயோ இல்லையோ, எனக்கு இதை யோசித்ததிலிருந்து தூக்கம் போயிற்று.

மாற்ற முடியும் என்று வைத்துக்கொண்டால் வலி வேறு. தம்பி பிழைத்துக்கொள்கிறான், வளர்கிறான், எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு கிண்டல் இருக்குமே, அக்கா பாதி சொல்ல அவன் மீதி சொல்வது. அவள் பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள். அவன் பணிவாக, ‘அப்புறம்?’ என்று கேட்கிறான். மூலக்கதையின் சோகத்தைச் சரிசெய்து ஃபிக்ஸ்-இட் எழுதுகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஆளைக் காப்பாற்றியதோடு கொண்டாட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் யாரையும் தெரியவில்லை.

மூன்றாவது, காலம் இரண்டாகக் கிளை பிரிவது. இதை நான் யோசிக்கவில்லை, அம்மாதான் கேட்டாள். உன் கதையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் படித்துவிட்டு, தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ‘இந்தப் பெண் பாட்டுக்குக் கிணற்றில் இறங்கிவிட்டாளே, அவளைப் பெற்றவர்கள் என்ன ஆனார்கள்?’ என்றாள். நியாயமான கேள்வி. அந்தப் பழைய கிளையில் அவர்களுக்கு மகன் செத்துப்போனான், மகள் காணாமல் போனாள். இன்னொரு கிளையில் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளே இல்லை. நீ அவர்களுக்கு இதுவரை அரைப் பக்கம்கூடக் கொடுக்கவில்லை. ஓர் அத்தியாயம் கொடு. தேடுவதை எழுதவேண்டாம். தேடுவதை நிறுத்திய அன்றைக்கு அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுது.

ரொனால்ட் மாலட் பற்றிப் படித்திருக்கிறாயா? அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது, 1955-ல், தந்தை மாரடைப்பில் இறந்துபோனார். தந்தைக்கு வயது 33. அடுத்த வருஷம் அந்தப் பையன் கையில், ஹெச். ஜி. வெல்ஸ் 1895-ல் எழுதிய கால இயந்திர நாவலின் படக்கதைப் பதிப்பு கிடைக்கிறது. திரும்பிப் போய் அப்பாவை எச்சரித்துவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்கிறான். அதற்காகத்தான் இயற்பியல் படித்தார். பைத்தியம் என்பார்களோ என்று பல வருஷம் அந்தக் காரணத்தை வெளியே சொல்லவே இல்லை. சுழலும் ஒளியைக்கொண்டு காலத்தை வளைக்கலாம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை ஏற்காத இயற்பியலாளர்கள் உண்டு, அது கிடக்கட்டும். அவருடைய கணக்குப்படியே, இயந்திரத்தை முதல் முறை இயக்கிய கணத்துக்கு முன்னால் யாரும் போக முடியாது. எத்தனை பெரிய இயந்திரம் கட்டினாலும் 1955-க்கு வழி கிடையாது.

இதை ஒரு கதையில் யாராவது எழுதியிருந்தால் ‘ரொம்ப ஜோடிக்கிறான்’ என்று சொல்லியிருப்பேன். உன் கிணற்றுக்கும் இந்த மாதிரி ஒரு எல்லை வை. கிணறு தோண்டிய நாளுக்கு முன்னால் போக முடியாது என்று மட்டும் சொல்லிவிடு. தாயில்லாமல் வளர்ந்த தளபதி, கிணறு எப்போது தோண்டினார்கள் என்று கிழவரிடம் சாதாரணமாக விசாரிக்கட்டும். பதில் கேட்டதும் ‘சரி’ என்று சொல்லிவிட்டுக் கவசத்தைத் துடைக்கப் போகட்டும்.

காப்பாற்றத் தெரிந்தும் காப்பாற்றக்கூடாது என்ற இக்கட்டு உன் பதினோராம் அத்தியாயத்தில் தலைகாட்டுகிறது. உங்கள் கூட்டத்துக்கு இது பழைய சொத்து. 1967-ல் ஸ்டார் ட்ரெக் என்கிற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் அப்படி ஒரு கட்டம் வந்தது: கேப்டன் நேசித்த பெண் வண்டியில் அடிபடப்போகிறாள், அவளைக் காப்பாற்ற ஓடும் மருத்துவரை அந்தக் கேப்டனே கட்டிப் பிடித்து நிறுத்துகிறான், அவள் பிழைத்தால் வரலாறு தலைகீழாகிவிடும் என்பதால். அதே வருஷம்தான் அந்தத் தொடரின் ரசிகர்கள் தங்கள் முதல் கதைப் பத்திரிகையையும் கொண்டுவந்தார்கள். உன் கதையில் அக்கா தியாகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டுக் கையை விடுகிறாள். அந்தப் பிரசங்கத்தை எடுத்துவிடு. கையைப் பிடித்து நிறுத்துகிறவன் பேசமாட்டான்.

கடைசியாக நீ கேட்ட டேக் விவகாரம். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்கிற ஃபேன் ஃபிக் இணையதளத்தில் போடும்போது ‘முக்கியப் பாத்திரம் இறப்பு’ எச்சரிக்கை வைக்கவேண்டுமா என்று கேட்டாய். ஏழாம் அத்தியாயத்தில் செத்தவன் பத்தாம் அத்தியாயத்தில் உயிரோடு இருந்தால் அது இறப்பா இல்லையா? தற்காலிக இறப்பு என்று டேக் போடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. போட்ட உடனே வாசகன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறான். எச்சரிக்கைகள் எதையும் பயன்படுத்தவில்லை என்று அறிவிக்கும் வசதி அங்கேயே இருக்கிறதே, அதைத் தேர்ந்தெடு. பயந்த சுபாவக்காரர்கள் அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வார்கள், மற்றவர்கள் துணிந்து வருவார்கள். அத்தியாயத்தின் கீழே ‘உங்களை அழவைத்ததற்கு மன்னியுங்கள், ஹிஹி’ என்று குறிப்பு எழுதுவதையும் நிறுத்து.

பன்னிரண்டாம் அத்தியாயம் எழுதியதும் அனுப்பு. தளபதியையும் சாகடிப்பதாக இருந்தால் எனக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு, அம்மா கையில் கிடைக்கும் முன்னால் நான் படித்துவிடவேண்டும். அவளுக்குத் தளபதியை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

அன்புடன்,
அப்பா