சங்க இல்ல உட்புறப் பெயிண்ட் வேலை: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அனைவருக்கும் வணக்கம்.

இல்லத்தின் உள் பெயிண்ட் வேலை முடிந்துவிட்டது. உட்கூரை, கதவுகள், சன்னல் சட்டங்கள் எல்லாம் பேசியபடியே முடிந்தன. விளக்கம் சொல்ல வேண்டியது சுவரின் சாம்பல் நிறத்துக்குத்தான். ரிபோஸ் கிரே, அக்ரீயபிள் கிரே என்ற இரண்டு சாம்பல்களில் எதை அடிப்பது என்பதுதான் கேள்வி.

"இரண்டும் ஒரே சாம்பல்தானே, இதற்கு இத்தனை கூட்டமா?" என்று பலர் கேட்டீர்கள். ஷெர்வின் வில்லியம்ஸ் பெயிண்ட் கம்பெனியின் நிற அட்டையில் அப்படித்தான் தெரியும். வெளிச்சத்தைத் திருப்பித் தரும் அளவு, நூற்றுக்கு, ரிபோஸ் கிரேக்கு (7015) 58, அக்ரீயபிள் கிரேக்கு (7029) 60. வித்தியாசம் அடியில் ஓடும் சாயலில் இருக்கிறது. நம் வகுப்பறைகளுக்கு வடக்குப் பக்கம்தான் சன்னல். நேர் வெயில் விழாது, வருவது நீலம் கலந்த வெளிச்சம். இரண்டு நிறத்தையும் பெரிய அட்டைகளில் இரண்டு பூச்சு அடித்து, சுவர் சுவராகச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். மேகம் மூடிய பிற்பகலில் ரிபோஸ் கிரே லேசாக ஊதா தட்டியது. அக்ரீயபிள் கிரேயில் பழுப்பு கூடுதல்; அதே சுவரில் அது வெளிறவில்லை, ஓக் தரையோடும் ஒத்துப்போனது. வெயில் வரும் முன்னறைக்கு மட்டும் ரிபோஸ் கேட்டவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரே இல்லை. நிறத்தை எங்கே முடிப்பது? அதனால் எங்கும் அக்ரீயபிள் கிரேதான் என்று முடிவு செய்தோம்.

அப்புறம் ஒப்பந்தக்காரர் விவகாரம். எழுதிக் கொடுத்தது ஒன்று, அவர் கொண்டுவந்தது வேறு கம்பெனியில் 'மேட்ச்' செய்த, அதாவது அதே நிறம் வருமாறு கலந்த, பெயிண்ட். முதல் சுவர் காய்ந்ததும் நம் அட்டையைப் பக்கத்தில் வைத்தோம். சுவர் பச்சை தட்டியது. கேட்டது பளபளப்பு குறைந்த எக்‌ஷெல், அடித்தது அதைவிடப் பளபளப்பான சாட்டின். விளக்கைப் போட்டதும் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அன்றே வேலையை நிறுத்தினோம். மறுபடி அடிக்கக் கூடுதல் கூலி கேட்டார். ஒப்பந்தத்தில் நிறத்தின் எண்ணே இருந்ததால் கூலி தரவில்லை. பொங்கல் விழாவுக்குள் முடிக்க வேண்டியிருந்ததால், புது டப்பாக்களின் விலையில் பாதியை ஏற்றுக்கொண்டோம். கணக்கில் நீங்கள் பார்க்கும் மிகைச் செலவு அதுதான், வேறில்லை. அந்த நிலையில் அதுவே சரியான முடிவு என்று குழு இன்றும் கருதுகிறது.

டப்பா எண்ணிக்கையைக் கேட்டவர்களுக்கு: ஒரு கேலன் ஒரு பூச்சுக்குச் சுமார் 350 முதல் 400 சதுர அடி வரும். நாம் அடித்தது இரண்டு பூச்சு.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கள், பறை வகுப்பினர், நூலகக் குழு, பெயர் வேண்டாம் என்று சொல்லிக் காசோலை தந்த மருத்துவர் தம்பதி, ஏணி தந்த அண்ணன், வேலை நடந்த நாளெல்லாம் சாப்பாடு அனுப்பிய அக்காமார், சாமான்களை நகர்த்திய இளைஞர்கள் எல்லோருக்கும் நன்றி.

மீதி பெயிண்ட் நிலவறையில் இருக்கிறது. மூடியில் எண் எழுதியிருக்கிறோம். சுவரில் கீறல் விழுந்தால் அதையே எடுத்துப் பூசுங்கள், வெளியே மேட்ச் செய்து வாங்க வேண்டாம்.

இல்லப் பராமரிப்புக் குழு