நாற்காலி சுமந்த நால்வருக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், எங்கள் புளோக்கில் வசிக்கும் அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. 2001-இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் பெரும்பாலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மாடிதோறும் மின்தூக்கி நிற்கிறது. எங்களுடையதைப் போன்ற சில பழைய புளோக்குகளுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. இங்கே மின்தூக்கி ஐந்தாம் மாடியில் நிற்கும், பிறகு ஒன்பதில்தான். எங்கள் வீடு ஏழில். வாரம் இருமுறை சிகிச்சைக்குப் போகவேண்டும். நடுவில் 36 படிகள்.

வேதத்தில், கப்பர்நகூம் ஊரில் திமிர்வாதக்காரனை, அதாவது பக்கவாதம் வந்தவனை, நாலுபேர் சுமந்துவந்து, கூட்டத்தினால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கியதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்த பஸ் ஓட்டுநர் அண்ணன். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த கல்லூரித் தம்பி. துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் பட்டுக்கோட்டைத் தம்பி. நான்காமவர் எங்கள் மாடியிலேயே வசிக்கும் மலாய் அண்ணன். சாப்பாட்டு மேசை நாற்காலியில் என் கணவரை உட்காரவைத்து, என் பழைய பருத்திச் சேலையால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, காலுக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு நிமிடம் இறக்கிவைப்பார்கள். அப்போது பஸ் அண்ணன் தன் கைக்குட்டையால் என் கணவரின் வாயோர எச்சிலைத் துடைத்துவிடுவார். மார்ச் மாதம் நோன்புக் காலம். மலாய் அண்ணன் அந்த வெக்கையில் ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காமல் சுமந்தார்.

போகும்போது நாலுபேர் வேண்டும் என்பார்கள் நம் வீடுகளில். உயிரோடு இருக்கும்போதே என் கணவருக்கு அந்த நாலுபேர் கிடைத்தார்கள்.

'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்றுதான் அந்தச் சம்பவத்தைத் தன் சுவிசேஷத்தில் மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவனின் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த நாட்களில் எனக்கு ஜெபமே வரவில்லை; முழங்காலிட்டால் அழுகைதான் வந்தது. என் பங்கையும் நீங்கள்தான் சுமந்தீர்கள். பெயரைப் போட வேண்டாம் என்று நால்வரும் சொல்லிவிட்டீர்கள். அந்த நால்வரின் பெயரையும் மாற்கு எழுதவில்லை.

மருத்துவமனை நடைபாதையில் ஆறுதல் வசனம் எதுவும் சொல்லாமல் விடியவிடிய என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மூத்த சகோதரியே, வேதத்தில் துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களால்தான் புரிந்தது. எதிர்வீட்டுச் சீன ஆண்டிக்கும் நன்றி. இஞ்சி போட்ட கஞ்சி தவறாமல் வந்தது.

வலக்கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒருவர் நிற்க, 36 படிகளையும் இப்போது அவரே இறங்குகிறார்.

உங்கள் வீட்டு டிபன் டப்பாக்கள் ஆறு என்னிடம் இருக்கின்றன. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்பார் என் அம்மா. இந்தச் சனிக்கிழமை அதிரசம் சுடுகிறேன். மலாய் அண்ணன் வீட்டுக்கும் ஆண்டி வீட்டுக்கும் நானே கொண்டுவருவேன். மற்றவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஏழாம் மாடிச் சகோதரி