தண்ணி வந்த வழி

ஈஸ்ட்ஹாம், லண்டன்
தை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை அக்கா போட்டோ பிடித்து அனுப்பிப் பதினெட்டு நாளாகிறது. பென்சிலில் எழுதியிருந்தீர்கள், பெரிதாக்கிப் பார்த்தும் கடைசி இரண்டு வரி தெரியவில்லை. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதாதது தப்புதான். போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிரா" என்பதோடு முடிந்துவிடுகிறது.

வீடு ஒழுகுகிறதாமே என்று கேட்டிருந்தீர்கள். மற்றவர்களிடம் சொன்னால் ஐயோ பாவம் என்பார்கள். உங்களிடம்தான் கட்டட வேலை தெரிந்தவரிடம் சொல்வதுபோல் சொல்ல முடியும்.

நூறு வருஷத்துக்கு மேலான வீடு. தெரு முழுக்க ஒட்டுச்சுவர் வரிசை. நம் ஊர் போலவே ஒன்பது இஞ்சு செங்கல் சுவர். தரைக்கு அரையடி மேலே, சுவருக்குள் ஒரு வரிசை சிலேட்டு வைத்துக் கட்டியிருக்கிறார்கள், கீழேயிருந்து ஓதம் ஏறாமலிருக்க. நீங்கள் பார்த்தால் தடவிக்கொண்டே நிற்பீர்கள். அதனால் கீழிருந்து தொல்லை இல்லை. ஒரு தண்ணி மேலிருந்து வந்தது, இன்னொன்று என்னிடமிருந்தே வருகிறது.

கட்டிலுக்கு நேர் மேலே சீலிங்கில் தாம்பாளம் அளவுக்குப் பழுப்புக் கறை. வீட்டை வாடகைக்குப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் ஆள் அனுப்பி வெள்ளையடித்தார். பத்து நாளில் கறை திரும்பியது. மறுபடி வெள்ளையடித்தார். "நின்ன இடத்தைப் பூசாதே, தண்ணி வந்த வழியைத் தேடு" என்று சாரத்தில் நின்று நீங்கள் போடும் சத்தம்தான் எனக்குக் காதில் விழுந்தது.

மேல்வீட்டுத் தாத்தாவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். பார்படோஸ்காரர். லண்டன் பஸ்ஸுக்கு 1956-லிருந்து அந்தத் தீவுக்கே போய் ஆள் எடுத்தார்களாம், அப்படி வாலிபத்தில் வந்தவர். நாலு படி இறங்கி வருவதற்கும் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொள்வார். ஒழுகும்போதெல்லாம் பிஸ்கட் டப்பாவோடு வந்து வருத்தம் தெரிவிப்பார். அவரிடம் அனுமதி கேட்டு, இங்கே நம்மூர்ச் சாமான் விற்கும் கடையில் சொட்டு நீலம் வாங்கிப் போனேன். குளியல் தொட்டியை நிரப்பித் திறந்துவிட்டோம், கீழே ஒன்றுமில்லை. தொட்டி ஓரத்தில் சுவரோடு சேரும் இடத்தில் நீலத் தண்ணியை ஊற்றினோம். இருபது நிமிஷத்தில் என் சீலிங்கில் நீலம் இறங்கியது. ஓரத்தில் வைத்த பசை விட்டுப்போயிருந்தது. படமெடுத்து அனுப்பிய பிறகுதான் ஏஜென்ட் வாயடைத்துச் சரிசெய்து கொடுத்தார். தாத்தா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் வித்தை என்று அவரிடம் சொன்னேன்.

இரண்டாவது தண்ணிக்குத்தான் வழி அடைக்க முடியவில்லை. சோறு வடித்தால், துணி காயப்போட்டால், தூங்கும்போது மூச்சு விட்டால்கூட அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரில் போய் வியர்க்கிறது. காலையில் ஜன்னலைத் துடைத்துப் பிழிந்தால் அரை டம்ளர் தேறும். வெளிச்சுவர் மூலையில் கருப்பாய்ப் பூஞ்சணம். தாத்தா வந்த காலத்தில் மண்ணெண்ணெய் ஹீட்டராம், ஒரு லிட்டர் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகிச் சுவரில் ஏறுமாம். ஜன்னலைத் திறந்து வை என்கிறார் ஏஜென்ட். குளியலறைக் காற்றாடி ஓடவில்லை என்று மூன்று தடவை எழுதிவிட்டேன். நான் ஹீட்டர் போடாமல் இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் போடுகிறேன். ஸ்வெட்டர் இரண்டு இருக்கிறது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடுங்கள். ராச்டேல் ஊரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சணத்தால் மூச்சுத் திணறி இறந்துபோனான். அவன் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபர் 27 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்தான பழுது என்றால் 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். ஆனால் அது கவுன்சில் போன்றவை குறைந்த வாடகைக்கு விடும் சமூகக் குடியிருப்புகளுக்கு மட்டும், என்னைப் போலத் தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னும் வரவில்லை. ஒரு பிள்ளை போய்த்தான் சுவரைப் பார்ப்பார்களா என்று மனசு ஆறவில்லை. கவுன்சிலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

பொங்கலன்று முருகன் கோயிலுக்குப் போகலாமென்று பெட்டியைத் திறந்தேன். நீங்கள் எடுத்துக்கொடுத்த வேட்டி முழுக்கக் கரும்புள்ளி. பெட்டி வெளிச்சுவரை ஒட்டி இருந்திருக்கிறது. இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை. பேன்ட்டோடு போக மனசு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அன்றைக்கு நம் திண்ணையில் ஒரு நாழி உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது, அப்பா.

சரி, அது போகட்டும். நம் வீட்டு மாடித் தளத்துத் தட்டு ஓடுகளை மாற்ற ஐம்பதாயிரம் ஆகும் என்று எழுதியிருந்தீர்கள். மாசிக்குள் இருபது அனுப்புகிறேன், மீதி சித்திரையில். ஷிப்ட் மாற்றுகிறார்கள், அதனால்தான். வேறொன்றுமில்லை. வெயிலில் வேலை முடிந்தால்தான் ஐப்பசி மழையைத் தாங்கும். நீங்கள் ஏணியில் ஏறாதீர்கள், கீழே நின்று சொல்லுங்கள் போதும். சித்தப்பா வீட்டு மாடித் தண்ணி நம் சுவரில் விழுவதற்குப் பஞ்சாயத்து வேண்டாம், குழாயை நம் செலவிலேயே போட்டுவிடுங்கள். அவரிடம் முதலில் அம்மா பேசட்டும். பாப்பா காதுகுத்துக்கு அக்கா நாள் பார்த்துவிட்டாளா? தோடு என் பொறுப்பு.

அந்தக் கடைசி இரண்டு வரியை மட்டும் பேனாவில் எழுதி, அக்காவிடம் கொடுத்து மறுபடி அனுப்புங்கள்.

இப்படிக்கு
உங்கள் பெரியவன்